மண்ணாங்கட்டி

அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் அந்த ஒரு வார்த்தை பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் லாரியை எங்காவது ஓரங்கட்டிவிட்டுப் போன் போடுவான். "என்னக்கா, ஏதாச்சும் கெடச்சுதா?" என்பான். அவள் "மண்ணாங்கட்டி" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள், போனை வைத்துவிடுவார்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்கிற விசாரிப்பெல்லாம் அதற்குள்ளேயே அடக்கம்.

அக்காக்காரியின் வேலை அப்படி. மண்ணுக்குள் இருக்கும் பாக்டீரியாக்களைத் துழாவி, அவற்றில் ஏதாவது ஒன்று புது மருந்து சுரக்கிறதா என்று பார்ப்பது. ஒரு சிட்டிகை மண்ணில் ஒரு பெரிய நகரத்தின் ஜனத்தொகைக்கு மேல் குடியிருக்கிறது. இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் அதுகள் ஒன்றுக்கொன்று விஷம் வைத்துக்கொண்டே இருக்கும், சுத்தப் பங்காளிச் சண்டை. அந்த விஷத்தைத் திருடி மனிதனுக்கு மருந்தாக்க வேண்டும். பழைய மருந்துகள் பலவும் அப்படித் திருடியவைதான். இப்போது நோய்க்கிருமிகள் அந்தப் பழைய மருந்துகளுக்குப் பழகிப்போய்விட்டதால் புதிது வேண்டியிருக்கிறது. புதிதோ, கிடைப்பேனா என்று அழிச்சாட்டியம் பண்ணுகிறது. ஆசையாக எடுத்துப் பார்த்தால், எவரோ எப்போதோ கண்டுபிடித்துக் கடையில் விற்றுக் காலாவதியான சரக்காக இருக்கும்.

தம்பிக்காரன் சரக்கு லாரி டிரைவர். மற்றவர்களின் தம்பிகள் ஊர் சுற்றிவிட்டு வந்தால் துணிமணி கொண்டு வருவார்கள், இவன் பை பையாக மண் கொண்டு வருவான். ஆற்றோரத்து மண், கல்குவாரி மண், பாழடைந்த தோட்டத்து மண் என்று ஒவ்வொரு பையிலும் எடுத்த இடத்தைக் கோணல்மாணலாக எழுதி, "இந்தாக்கா, உன் சீர்வரிசை" என்று மேஜைமேல் வைப்பான். லாரி ஷெட்டில் அவளுக்கு மண் டாக்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்படி ஒரு பைக்காக இறங்கினபோதுதான் காலை உடைத்துக்கொண்டான். மலைச்சரிவை வெட்டிப் புதிதாக ரோடு போட்டிருந்த இடம். கருப்பும் சிவப்புமாக மண் அடுக்கடுக்காகத் தெரிந்ததாம். அக்காவுக்குப் பிடிக்கும் என்று வண்டியை நிறுத்தி, கரண்டியோடு ஏறினான். மேலே இருந்த பாறை உருண்டு வந்து முழங்காலுக்குக் கீழே நசுக்கியது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. தூக்கி வண்டியில் ஏற்றினவர்களிடம், "அந்தப் பைய விட்டுடாதீங்க, அக்கா திட்டும்" என்றானாம். இதை யாரோ அவளிடம் நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எலும்புக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். தையல் ஆறவில்லை. ஆஸ்பத்திரியிலேயே சுற்றிக்கொண்டிருந்த ஒரு கிருமி கம்பியோடு சேர்ந்து எலும்பில் குடியேறிவிட்டது. ஒரு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. அதைவிடக் கடுமையானதைக் கொடுத்தார்கள், அதற்கும் மசியவில்லை. கடைசி மருந்து என்று பீரோவில் பூட்டி வைத்திருந்ததையும் எடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அக்காக்காரி அந்தக் கிருமியை ஆஸ்பத்திரியில் முறைப்படி கேட்டு வாங்கித் தன் ஆய்வகத்துக்குக் கொண்டு வந்தாள். எதைப் பரிமாறினாலும் அலட்டிக்கொள்ளாமல் சாப்பிட்டுவிட்டு, இன்னும் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்திருந்ததால் ஆய்வகத்தில் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வந்தது. பெயர் வைத்தவர்கள் அவள் எதிரில் சொல்லக் கூசினார்கள். அவளே ஒருநாள் "மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்று கேட்டுக் கூச்சத்தைப் போக்கினாள்.

அன்றிலிருந்து அவள் வேறு வேலை பார்க்கவில்லை. தம்பி கொண்டு வந்த பைகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு துளி மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடித் தட்டில் பரப்ப வேண்டும். தட்டில் ஜெல்லி போல உறைந்த உணவு இருக்கும். சில நாளில் மண்ணில் இருந்த பாக்டீரியாக்கள் புள்ளி புள்ளியாக முளைக்கும். அதன்மேல் மாப்பிள்ளையைத் தூவிவிட வேண்டும். மறுநாள் தட்டு முழுக்க மாப்பிள்ளை பாலாடை மாதிரி படர்ந்துவிடுவார். ஏதாவது ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் அவர் வளராமல், வெறிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால், அந்தப் புள்ளி அவரைக் கொல்லும் ஏதோ ஒன்றைக் கக்குகிறது என்று அர்த்தம். தட்டு தட்டாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பாலாடைதான் படர்ந்திருந்தது.

கடைசியில் மலைச்சரிவு மண்ணின் தட்டில் அந்த வளையம் வந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. "என்னக்கா, ஏதாச்சும் கெடச்சுதா?" என்றான், காய்ச்சலில் வறண்ட குரலில். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயில் அந்த வார்த்தை வரவில்லை.

"கெடச்சிருக்குடா," என்றாள். "உன் மண்ணுதான். அந்த மண்ணு."

அதோடு நிறுத்தியிருந்தாலும் போகிறது. அழுது வேறு தொலைத்தாள்.

அன்று சாயங்காலம் அவளும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எலும்பு டாக்டர் தம்பியின் கட்டிலருகே வந்து நின்று, ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "முழங்காலுக்கு மேல எடுத்துட்டா நீங்க பொழைச்சுக்குவீங்க. லேட் பண்ணினா ரத்தத்துல ஏறிடும். அப்புறம் காலை எடுத்தும் புண்ணியமில்ல."

தம்பி சிரித்தான். "வேண்டாம் டாக்டர். அக்கா மருந்து கண்டுபிடிச்சிட்டாங்க."

டாக்டர் அவளைப் பார்த்தார்.

"டேய், அது மருந்து இல்லடா. தட்டுல ஒரு வளையம், அவ்வளவுதான். அது பழைய சரக்கா புதுசான்னே இன்னும் தெரியாது. புதுசாவே இருந்தாலும் மனுஷனுக்கு விஷமா இல்லையான்னு பாக்கணும், எலிக்குக் குடுக்கணும், அதுக்கப்புறம் எவ்வளவோ இருக்கு. வருஷக்கணக்கா ஆகும்."

"நீ எப்பவும் கொறச்சுத்தான் சொல்லுவ. பரீட்சையில முதல் மார்க் வாங்கிட்டு, சுமாரா எழுதினேன்னு வீட்டுல சொன்ன ஆளுதானே நீ."

"இது பரீட்சை இல்லடா."

"என் காலை வாங்கின மண்ணுக்கா அது. திருப்பித் தராம எங்க போயிடும்?" என்றான். "காலில்லாம நான் கிளட்ச்ச எதால மிதிக்கறது? நீ பாத்து மெதுவா செய். நான் இருக்கேன்."

அவள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். கையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். ஆனால் படித்துப் பட்டம் வாங்கினவளுக்கும் உள்ளுக்குள் ஒரு மூலையில் அதே பைத்தியக்கார நம்பிக்கை இருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே ஆய்வகத்துக்குத் திரும்பினாள்.

அங்கே தலைமை விஞ்ஞானிக்கு 'சுத்தம் சார்' என்று பெயர். மூச்சுக்கு முந்நூறு தடவை "சுத்தமா இருக்கா?" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். எந்தப் பாக்டீரியா வேலை செய்கிறதோ அதை மட்டும் மெல்லிய கம்பியால் தொட்டெடுத்து, அக்கம்பக்கத்துக் கலப்படம் எதுவும் ஒட்டாமல், புதுத் தட்டில் தனியாக வளர்க்க வேண்டும். அக்காக்காரி இதில் கெட்டிக்காரி. தொட்டாள், கோடு இழுத்தாள், தனியாக்கினாள். பழைய தட்டை அவளே கொண்டுபோய் நீராவிக் கொதிகலனில் போட்டு அழித்தாள். மாப்பிள்ளை மாதிரியான கிருமியை வெளியே விட்டு வைக்கக் கூடாது என்பது சட்டம். ஒரு போட்டோ மட்டும் போனில் எடுத்துக்கொண்டாள்.

புதுத் தட்டில் அந்தப் பாக்டீரியா வெள்ளை வெளேரென்று, பொட்டு வைத்தாற்போல அழகாக வளர்ந்தது. மேலே மாப்பிள்ளையைத் தூவினாள். மறுநாள் தட்டு முழுக்கப் பாலாடை படர்ந்திருந்தது. வளையத்தைக் காணோம்.

"சுத்தம்," என்றாள் வாய்விட்டு. சுத்தம் சார் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தார்.

மறுபடி செய்தாள். உணவை மாற்றினாள், சூட்டை மாற்றினாள், உப்பைக் கூட்டிக் குறைத்தாள். யாரும் இல்லாதபோது அந்த வெள்ளைப் பொட்டிடம் கெஞ்சவும் செய்தாள். அது கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தது. சுத்தம் சார் வந்து பார்த்துவிட்டு, "சிலது அப்படித்தாம்மா. ஒரு தடவை சுரக்கும், அப்புறம் மறந்துடும். விட்டுடு," என்றார். அவர் நல்ல மனுஷர். அந்த நிமிஷம் அவரைத் தட்டாலேயே அடிக்கலாம் போல இருந்தது அவளுக்கு.

தம்பிக்குப் போன் போடவே பயமாக இருந்தது. அவன் போட்டால் எடுக்காமல் விட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவன் தூங்குகிற நேரமாகப் பார்த்துப் போனாள். போர்வைக்குள்ளிருந்து வந்த வாடையே எல்லாவற்றையும் சொன்னது. தொடை வரை வீங்கிச் சிவந்திருந்தது. நிற்க முடியாமல் திரும்பிவிடுவாள்.

அப்படித் திரும்பி வருகிற பஸ்ஸில்தான், பார்க்க வேறெதுவும் இல்லாமல் அந்தப் பழைய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வளையம் சரியான வட்டமாக இல்லை. ஒரு பக்கம் மட்டும் தொப்பை வைத்திருந்தது. தொப்பை இருந்த பக்கத்தில், வெள்ளைப் பொட்டை ஒட்டினாற்போல, அழுக்கு மஞ்சளில் இன்னொரு பாக்டீரியா ஈஷிக்கொண்டிருந்தது. கலப்படம் என்று அவள் தொட்டெடுக்காமல் விட்டது.

பக்கத்து வீட்டுக்காரனான அந்த மஞ்சள் வம்புக்கு வந்ததால் அல்லவா இவன் கத்தியை எடுத்திருக்கிறான். இவள் வம்புக்காரனைக் கொதிகலனில் போட்டுக் கொன்றுவிட்டு, இவனைத் தனியறையில் உட்கார வைத்து, ஏன் கத்தியை எடுக்க மாட்டேன் என்கிறாய் என்று இத்தனை நாளாக மிரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். சுத்தம் பண்ணிப் பண்ணியே காரியத்தைக் கெடுத்திருக்கிறாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை.

மலைச்சரிவுப் பையில் ஒரு பிடிதான் மிச்சமிருந்தது. அதை மொத்தமாகக் கரைத்துத் தட்டுகளில் பரப்பினாள். எதையும் பிரிக்கவில்லை, எதையும் தனியாக்கவில்லை. சுத்தம் சார் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சாக்கடை மாதிரி?" என்றார். "சாக்கடைதான் சார், இருக்கட்டும்," என்றாள். இனி முளைக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். மண் பாக்டீரியாவுக்கு மனிதர்களின் அவசரம் தெரியாது.

அந்தக் காத்திருப்பின் நடுவில் தம்பி மனைவி ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். இதற்கு முன் ஒருநாளும் அங்கே வந்தவள் இல்லை. செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி வாசலிலேயே நின்றாள். தலை வாரியிருக்கவில்லை.

"உள்ள வாம்மா," என்றாள் அக்காக்காரி.

"வரல அண்ணி. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்." குரல் உடைந்தது. "அவருக்குக் குளிர் நடுக்கம் எடுக்குது. என்னையே சமயத்துல யாருன்னு கேக்கறார். டாக்டர் நாளைக்குக் காலையில கடைசியா வந்து கேப்பேன்னு சொல்லிட்டார். அதுக்கு மேல அவரே கத்திய எடுக்க மாட்டாராம். இவர் கையெழுத்துப் போட மாட்டேங்கறார். அக்கா சொல்லட்டும், அக்கா சொல்லட்டும்னே அனத்தறார்."

"நான் சொல்லிப் பாத்தேன்மா."

"நீங்க எங்க அண்ணி சொன்னீங்க? வருஷமாகும்னு சொன்னீங்க. அவருக்கு அதுவும் கெடைக்கும்னுதான் கேக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மருந்து இருந்தா குடுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. நடுவுல தொங்க விடாதீங்க. நொண்டியா இருந்தாலும் எனக்கு அவர் வேணும்."

அக்காக்காரி, மாப்பிள்ளையைத் தூவிச் சூட்டு அலமாரிக்குள் வைத்திருந்த தட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். "காலையில வரேன்," என்று மட்டும் சொன்னாள். தம்பி மனைவி தலையாட்டிவிட்டுப் போனாள். நடுவில் தொங்க விடாதீங்க என்று அவள் சொன்னது இவள் காதிலேயே நின்றது.

காலையில் அலமாரியைத் திறந்தாள். முதல் தட்டு பாலாடை. அடுத்ததும் அப்படியே. அடியில் இருந்த தட்டில், அழுக்கு மஞ்சளும் வெள்ளையும் முட்டிக்கொண்டு நின்ற இடத்தில், வளையம் வெறிச்சென்று கண்ணாடியாகத் திறந்து கிடந்தது. முன்பு வந்ததைவிடப் பெரிது. பக்கத்துத் தட்டிலும் இருந்தது. மாப்பிள்ளை அங்கே மட்டும் சாப்பிடாமல் எழுந்து போயிருந்தார்.

சுத்தம் சார் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "பழைய சரக்கு எதுவும் இப்படிப் பண்ணி நான் பாத்ததில்லம்மா," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "இது பெரிய விஷயம். அவசரப்படாம கொண்டு போகணும். எனக்கு வயசாச்சு, நீதான் கடைசி வரைக்கும் பாப்ப."

வாழ்க்கையில் எந்த வார்த்தையைக் கேட்பதற்காக அவள் கண் விழித்தாளோ அந்த வார்த்தை. அவளோ அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் வளையத்து ஜெல்லியைச் சுரண்டி, தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஒரு சின்னக் குப்பியில் அடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் வேலையை விட்டே அனுப்பச் சொல்லியிருப்பாள். புண்ணில் ஊற்றிப் பார்க்கலாம். ஊசியில் ஏற்றிப் பார்க்கலாம். சாகப் போகிறவனுக்கு என்ன பெரிய ஆபத்து வந்துவிடும் என்று வழி முழுக்க மனசுக்குள் வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டே போனாள்.

எலும்பு டாக்டர் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டார். குப்பியை எடுத்துக் காட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இத எந்த உயிருக்காவது குடுத்துப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"எலிக்கு?"

"இல்ல."

"இது ரத்தத்தையே கரைக்காதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

அவள் குப்பியைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அவளே மாணவர்களுக்கு எடுக்கும் பாடம் அது. கிருமியைக் கொல்கிறவற்றில் பாதிக்கு மேல் மனிதனையும் கொல்லும்.

"வெட்டினா அவர் பொழைக்கறதுக்கு இன்னைக்கு நல்ல வாய்ப்பு இருக்கு," என்றார் டாக்டர், தணிந்த குரலில். "நாளைக்கு எனக்குத் தெரியாது. அவர் என் பேச்சைக் கேக்க மாட்டேங்கறார். உங்க பேச்சத்தான் கேப்பார்." சொல்லிவிட்டு வழிவிட்டு நின்றார்.

தம்பிக்கு அன்று நினைவு தெளிவாக இருந்தது. கன்னம் ஒட்டி, உதடு வெடித்துக் கிடந்தான். கட்டிலின் கால்மாட்டில் அவன் மனைவி, கையெழுத்துப் போட வேண்டிய தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னக்கா, ஏதாச்சும் கெடச்சுதா?"

கை கைப்பைக்குள் குப்பியைப் பிடித்திருந்தது. கிடைத்தது என்று சொன்னால் போதும், அவனுக்கு மற்றது எதுவும் காதில் விழாது. சிரித்துக்கொண்டே காத்திருப்பான். காத்திருந்தே செத்துப் போவான். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"மண்ணாங்கட்டி," என்றாள்.

வழக்கம்போல அவள் சிரிப்பாள் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சிரிக்கவில்லை.

"அந்த மண்ணுலயுமா?"

"அந்த மண்ணுலயுந்தான். மொதல்ல வந்தது தப்புடா. வேற எதுவோ கலந்துபோச்சு. நான்தான் அவசரப்பட்டு உன்கிட்ட சொல்லிட்டேன்."

கலந்துபோனது என்பது மட்டும் நிஜம்.

"அப்ப சும்மாதான் எறங்கினேனா நான்," என்றான். கோபமாகக் கேட்கவில்லை. வழி தப்பி வந்துவிட்டோமா என்று கிளீனரிடம் கேட்கிற மாதிரி கேட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமாடா," என்றாள். அதைவிடக் கேவலமான ஒரு வார்த்தையை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலேயே, மனைவியிடம் கையை நீட்டினான். "பேனாவைக் குடு."

மண் பைகளில் எழுதுகிற அதே கோணல்மாணல் எழுத்தில் கையெழுத்துப் போட்டான்.

தள்ளுவண்டி உடனே வந்தது. தாழ்வாரம் முழுக்க அக்காக்காரி கூடவே நடந்தாள். ஆபரேஷன் அறைக் கதவருகே அவன் அவள் விரலைப் பிடித்தான். கை நெருப்பாகச் சுட்டது.

"உனக்கு இனிமே யாருக்கா மண்ணு கொண்டு வருவா?"

"நீ மொதல்ல வாடா," என்றாள். கதவு மூடிக்கொண்டது.

அவள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் அடக்கி வைத்த அழுகை. அழுது ஓய்ந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அண்ணியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து எடுத்த குப்பி இன்னும் அந்தக் கைக்குள்தான் இருந்தது. என்ன ஏது என்று அவள் பார்க்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி," என்றாள். "உங்களுக்கு அது கெடைக்காம போனதே நல்லதாப் போச்சு."

அக்காக்காரி குப்பியை இறுகப் பொத்திக்கொண்டு, "ஆமாம்மா," என்றாள்.